நீல விளக்கு வேண்டாம், கறுப்பு வாளி போதும்: எங்கள் நகர் நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மடிப்பாக்கத்தில் எங்கள் நகரின் குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

வீட்டுக்கு ஒரு நீல விளக்குக் கொசுப் பொறி வாங்கிக் கொல்லையில் மாட்டலாம், விலையில் பாதியைச் சங்கம் தரும் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். ஐப்பசி மழைக்கு முன்பே யோசிக்கிறீர்கள், சந்தோஷம். பொறி வைப்பதும் நல்ல யோசனைதான். அந்த விளக்குதான் வீண்.

கொசு நம்மைக் கண்டுபிடிப்பது நாம் விடும் மூச்சை வைத்து, வியர்வை வாடையை வைத்து, உடல் சூட்டை வைத்து. விளக்கு வெளிச்சத்துக்கு அது அவ்வளவாக மயங்குவதில்லை. 1990களில் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தார் இந்த மாதிரி மின்பொறிகளில் செத்து விழுந்ததையெல்லாம் உட்கார்ந்து எண்ணினார்கள். 13,789 பூச்சிகளில் ஆளைக் கடிக்கும் வகை வெறும் 31. மிச்சமெல்லாம் நம்மை எதுவும் செய்யாத பூச்சிகள். போதாததற்கு, டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. நாம் விளக்கைப் போடுவதோ இருட்டிய பிறகு. படபடவென்று பொரியும் சத்தம் மனசுக்கு ஆறுதல், அவ்வளவே.

நான் கேட்பது முட்டைப் பொறி. கடையில் தேட வேண்டாம். பழைய பெயின்ட் வாளிக்குக் கறுப்பு அடித்து, பாதிக்குக் கொஞ்சம் மேலே பக்கவாட்டில் ஒரு துளை போட வேண்டும், மழை பெய்தாலும் தண்ணீர் அதற்கு மேல் ஏறாமல் இருக்க. வைக்கோலோ காய்ந்த புல்லோ சில நாள் ஊறிய தண்ணீரை ஊற்றி, சொரசொரப்பான காடாத் துணிப் பட்டை ஒன்றைப் பாதி நனையும்படி உள்சுவரில் கிளிப் போட்டு மாட்டி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலோ வாழையடியிலோ நிழலில் வைத்தால் சரி. ரத்தம் குடித்த பெண் ஏடிஸ் இப்படி இருட்டான, ஈரமான இடத்தைத்தான் முட்டையிடத் தேடும். நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரத்துணியில், மிளகுத்தூளைவிடப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். வெயிலில் காய்ந்தாலும் அவை சாகாது. மாதக்கணக்கில் காத்திருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வெறுமனே கவிழ்த்து வைத்த ட்ரம்மிலிருந்தும் மறு மழைக்குக் கொசு வருவது இதனால்தான்.

ஆகவே வாரம் ஒரு முறை துணியை எடுத்துக் கொதிநீரில் போட வேண்டும். வாளியையும் தேய்த்துக் கழுவி, தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்ட வேண்டும். சாக்கடையில் ஊற்றினால் புழு அங்கே போய்ப் பிழைத்துக்கொள்ளும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும் என்பதால் தள்ளிப்போட இடமில்லை. மறந்துவிட்டால் நாமே கொசுப் பண்ணை வைத்தது போலாகும். ஊருக்குப் போகிறவர்கள் வாளியைக் காலி செய்து தேய்த்துக் கழுவிவிட்டுப் போகட்டும்.

இதை என் வீட்டில் மட்டும் செய்து பயனில்லை, அதனால்தான் சங்கத்துக்கு எழுதுகிறேன். ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். என்னைக் கடிப்பது பக்கத்து வீட்டிலோ எதிர் வீட்டிலோ பிறந்ததுதான். கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் தென்கரையில் 2011 முதல் வீட்டுக்கு 3 பொறி வீதம், ஊரில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் வைத்தார்கள். ஏடிஸ் பாதிக்கு மேல் குறைந்தது. அவை உள்ளே பசைத்தாள் வைத்த, முட்டையிட வந்த கொசுவையே பிடிக்கும் ரகம். நம் வாளி அந்த அளவுக்கு வராது. ஆனால் எந்தக் கொல்லையில் முட்டை அதிகம் என்று காட்டிக் கொடுக்கும், தேட வேண்டியது அந்த வீட்டைச் சுற்றித்தான் என்று தெரிந்துவிடும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, மூடி விலகிய சம்ப் என்று ஏதோ ஒன்று அகப்படும்.

ராத்திரியில் காதருகே பாடுவது வேறு ஜாதி, கியூலெக்ஸ். அதற்கு அழுக்குத் தண்ணீர் வேண்டும், செப்டிக் டேங்க் என்றால் கொண்டாட்டம். காற்றுக்குழாயின் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டிவிடுங்கள். விளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் துளிதான் இதற்குச் செலவாகும்.

மீதிப் பணத்தில் வாரம் ஒரு நாள் வீடு வீடாகப் போய்த் துணி மாற்ற ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். அப்புறம், பூட்டிக் கிடக்கும் வீடுகளும் காலி மனைகளும். அங்கே தேங்கும் தண்ணீரை எங்கள் வாளிகள் ஒன்றும் செய்ய முடியாது. உரிமையாளர்களின் தொலைபேசி எண்கள் சங்கப் பதிவேட்டில் இருக்கின்றன. மழைக்கு முன் அவர்களிடம் பேசிச் சாவியோ அனுமதியோ வாங்கும் வேலையை அடுத்த ஞாயிறு கூட்டத்தில் யாருக்காவது பெயர் சொல்லி ஒப்படையுங்கள். எங்கள் தெருவுக்கு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
சந்தா கட்டும் குடியிருப்பாளர் ஒருவர்