தேவகிக்கு: தோள் ஊசிக்கு அப்புறம்

அன்புள்ள தேவகி,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டாச்சு, வலி பாதியாகக் குறைந்திருக்கிறது, டாக்டர் பிசியோதெரபிக்குப் போகச் சொல்கிறார், பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்குத் தினமும் பஸ் ஏறி யார் போய் வருவது, வீட்டிலேயே செய்தால் ஆகாதா என்று கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் நடுவில் டவர் போய்விடும், சொல்ல வேண்டியது பாதியில் நிற்கும். அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தினமும் போக வேண்டியதில்லை. ஆனால் ஒரு தடவைகூடப் போகாமல், அவர்கள் கொடுத்த படம் போட்ட பேப்பரை மட்டும் வைத்துக்கொண்டு நீயாக ஆரம்பிக்காதே. ஒரு முறை போய், ஒருத்தர் முன்னால் செய்து காட்டி, சரியாகச் செய்கிறாய் என்று அவர் சொன்ன பிறகு வீட்டில் செய். நடுநடுவே போய்க் காட்டிவிட்டு வா.

எங்கள் வீட்டில் தோள் வலி ரெண்டு பேருக்கும் வந்தது உனக்குத் தெரியும். அவருக்கு மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று சில்வர் ஓக் மரத்தில் கையை மேலே நீட்டி நீட்டி வந்த வலி. எனக்கு எந்த வேலையும் காரணம் இல்லை, சுகர் இருப்பவர்களுக்கு வருகிற தோள் இறுக்கம், ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறார்களே, அது. கொண்டை போடக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோக முடியாது. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் போச்சு. ரெண்டும் தோள் வலிதான், ஆனால் வைத்தியம் ஒன்றில்லை. உனக்கு எது என்று டாக்டரிடம் தெளிவாகக் கேட்டாயா?

ஒரு அடையாளம் சொல்கிறேன். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்துக்கொள். உன் மருமகளை விட்டு முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பச் சொல். நீயாகத் தூக்கும்போதுதான் வலிக்கிறது, அடுத்தவர் திருப்பினால் மற்றக் கை அளவுக்குப் போகிறது என்றால் அது பெரும்பாலும் தசைநாண் சங்கதி, அதாவது தசையை எலும்போடு பிணைக்கிற நாண், அவருக்கு இருந்தது போல. அடுத்தவர் திருப்பினாலும் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்றால் மூட்டைச் சுற்றியிருக்கிற உறை இறுகியிருக்கலாம், எனக்கு ஆனது போல. இது வீட்டில் பார்க்கிற அடையாளம்தான், முடிவு டாக்டர் சொல்ல வேண்டியது. மூட்டுத் தேய்மானத்திலும் இப்படி இறுகும், அதற்கு எக்ஸ்ரே பார்ப்பார்கள்.

இந்த ஊசியைப் பற்றி நிறையப் பேர் தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள், நம் சாந்தி உட்பட. ஊசி போட்டாச்சு, வலி போச்சு, வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்டீராய்டு உள்ளே இருக்கிற அழற்சியை அடக்குகிறது, அவ்வளவுதான். பலவீனமான நாணுக்கு அது பலம் கொடுக்காது, இறுகிப்போன உறையை இழுத்துவிடாது. சில வாரங்கள், ஆளைப் பொறுத்து ஓரிரு மாதம், வலி அடங்கியிருக்கும். வலியில் செய்ய முடியாத பயிற்சியை அந்த நேரத்தில்தான் செய்ய முடியும். அந்த வாரங்களைச் சும்மா விட்டுவிட்டு வலி திரும்பியதும் அடுத்த ஊசிக்கு ஓடினால், அதையும் அடிக்கடி போட மாட்டார்கள், நாண் கெட்டுப்போகும் என்பதால்.

சரி, வீட்டிலா அங்கேயா என்ற கேள்விக்கு வருகிறேன். என் சின்னவள் கோயம்புத்தூரில் பி.பி.டி., பிசியோதெரபிப் படிப்பு, முடித்து அங்கேயே வேலை பார்க்கிறாள் அல்லவா, போன தடவை வந்தபோது இதைத்தான் அவளிடம் குடைந்து குடைந்து கேட்டேன். இங்கிலாந்தில் 708 பேரை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது, கிராஸ்ப் என்று பெயர், 2021ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எல்லாருக்கும் நாண் பிரச்சினைதான். பாதிப் பேர் பிசியோதெரபிஸ்டிடம் ஆறு முறை வரை போய்க் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கூட்டிப் பயிற்சி செய்தார்கள். மற்றப் பாதிப் பேருக்கு ஒரே ஒரு தடவை, ஒரு மணி நேரம் வரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்து, அப்புறம் வீட்டில் நீங்களே செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வலியிலும் கை வேலை செய்வதிலும் ரெண்டு பக்கமும் வித்தியாசமே இல்லை. அதே ஆய்வில் சிலருக்கு ஊசியும் போட்டிருந்தார்கள், அவர்களுக்கு முதல் ரெண்டு மாதம் கொஞ்சம் சௌகரியம், பிறகு ஊசி போடாதவர்களும் அவர்களும் ஒன்றுதான்.

இதைக் கேட்டதும், அப்போ வீட்டிலேயே செய்தால் போதும் என்று சொன்னேன். அவள் விடவில்லை. அதே வருஷம் இங்கிலாந்திலேயே இன்னொரு ஆய்வு வந்திருக்கிறது, 256 பேர். அதில் ஒரு பக்கம் பிசியோதெரபிஸ்ட் ஆளைப் பார்த்து, அவரவருக்குத் தகுந்தபடி சொல்லிக் கொடுத்துக் கூட நின்று செய்ய வைத்தது, இன்னொரு பக்கம் பயிற்சி அச்சடித்த துண்டுப் பிரசுரம். ஆறு மாதத்தில் ஆள் சொல்லிக் கொடுத்த பக்கம்தான் நன்றாக இருந்தது. ரெண்டு ஆய்வும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே என்று முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அப்படி இல்லை. முதல் ஆய்வில் வீட்டில் செய்தவர்களும் ஒரு மணி நேரம் வரை ஒருத்தர் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டு போனவர்கள். ரெண்டாவதில் கையில் காகிதம்தான். ஒழுங்காகக் கற்றுக்கொண்ட அந்த ஒரு மணி நேரத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது, ஏறி இறங்குகிற பஸ்ஸின் எண்ணிக்கையில் இல்லை.

தோள் இறுக்கத்துக்கும் இதே மாதிரிதான். கனடாவில் 93 பேரைப் பார்த்து 2003ல் எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் வீட்டுப் பயிற்சி உண்டு. மூட்டுக்குள் ஊசியும் போட்டு பிசியோதெரபிக்கும் போனவர்களுக்குக் கை சீக்கிரம் அசைய ஆரம்பித்திருக்கிறது. ஒரு வருஷம் ஆனபோது எல்லாரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். அதாவது உனக்கு இறுக்கம்தான் என்றால், சீக்கிரம் கரும்பலகையில் எழுத வேண்டும் என்கிற அவசரம் இருந்தால், ஆரம்பத்தில் நாலைந்து தடவை போவது வீண் இல்லை.

கூட இருந்து பார்ப்பவர் எதைப் பிடிப்பார் என்று கேட்கிறாயா? சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சி இருக்கிறதே, சுவரைப் பார்த்து நின்று ஆள்காட்டி விரலும் நடுவிரலும் படி ஏறுகிற மாதிரி மேலே போக வேண்டும். நான் தோள் உயரத்துக்கு மேலே போனேன், முன்னேறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எனக்குச் சொல்லிக் கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண் என் பின்னால் வந்து நின்று தோள்பட்டையில் லேசாக ஒரு விரலை வைத்தாள். கை மேலே போகப் போகத் தோள் காதுப் பக்கம் எழும்புகிறது, இடுப்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது. மூட்டு அசையவே இல்லை, உடம்புதான் கையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. தோளை இறக்கிவிட்டுச் செய்யச் சொன்னபோது கை ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. அந்தக் கீழே இருக்கிற இடத்திலிருந்துதான் உண்மையான பயிற்சி தொடங்குகிறது. இதைப் படத்தில் காட்ட முடியாது.

கையைத் தொங்கவிட்டு ஆட்டுவதும் அப்படித்தான். நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைச் செத்த கை மாதிரி தொங்கவிட வேண்டும், உடம்பை முன்னும் பின்னும் அசைத்தால் கை தானாக ஆட வேண்டும். எல்லாரும் கையையே சுற்றுகிறோம். அப்புறம் கம்பு வைத்துச் செய்வது. படுத்துக்கொண்டு, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் மடித்த துண்டு ஒன்று வைத்து, நல்ல கையால் கம்பைத் தள்ளி மற்றக் கையை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். துண்டு நழுவி விழுந்தால் தப்பாகச் செய்கிறாய் என்று அர்த்தம்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இரு. கீழே இறங்கி ஒரு இடத்துக்கு முதலில் போனோம், பெயர் வேண்டாம். தினமும் வரச் சொல்லி, படுக்க வைத்துக் கரண்டு வைத்து, சூடு காட்டி, பில் போட்டு அனுப்பினார்கள். கையை அசைக்கச் சொல்லி ஒருத்தரும் பார்க்கவில்லை. ரெண்டு வாரம் அவர் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வத்தலக்குண்டு பஸ்ஸில் போய் வந்தார், எனக்கு இன்னும் அது ஆறவில்லை. கரண்டு வைத்தால் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், நாணுக்குப் பலம் பயிற்சியால்தான் வரும். நீ போகிற இடத்தில் உன் கை அசைவதை ஒருத்தர் நின்று பார்க்கிறாரா, அடுத்த தடவை பயிற்சியை மாற்றுகிறாரா என்று கவனி. இல்லையென்றால் இடத்தை மாற்று.

எவ்வளவு வலி வரலாம் என்பதற்குச் சின்னவள் சொன்னது எனக்கு ரொம்ப உதவியது. செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம், மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறை, விட்டுவிடாதே. ஒரேயடியாக அரை மணி நேரம் செய்வதைவிடச் சமையலுக்கு நடுவில், பள்ளிக்கூடம் கிளம்பும் முன், சாயந்திரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் செய். நாண் பிரச்சினை என்றால் ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுப்பது வரைக்கும் போக வேண்டும், மூன்று மாதமாவது பிடிக்கும். அவர் இப்போது ஏணி ஏறுகிறார், ஆனால் மேல் கொடியை ஆள் வைத்துப் பறிக்கச் சொல்லிவிட்டேன்.

இங்கே மிளகு முடிந்தது. காபி பூக்க நல்ல மழை கிடைத்தது, விலை இப்படியே நின்றால் பெரியவள் கல்யாணக் கடனை அடைத்துவிடலாம். காட்டுமாடு கீழ்த்தோட்டத்து வேலியை மறுபடியும் உடைத்துவிட்டது. தாண்டிக்குடிக்கு நீ வந்து எவ்வளவு காலமாச்சு? லீவு விட்டதும் வா, எனக்குச் சொல்லிக் கொடுத்த அந்தப் பெண்ணிடமே கூட்டிப் போகிறேன், ரெண்டு நாள் தங்கி ஒழுங்காகக் கற்றுக்கொண்டு போ. அதற்கு அப்புறம் உன் பேத்தியை விட்டுப் பின்னாலிருந்து வீடியோ எடுத்து அனுப்பினால் சின்னவள் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். பின்னாலிருந்து, தோள்பட்டை ரெண்டும் தெரிகிற மாதிரி.

உனக்கும் சுகர் இருக்கிறதே, ஊசி போட்ட பிறகு சில நாள் அது ஏறும். எனக்கு நன்றாகவே ஏறியது. இந்த வாரம் காலையில் பார்த்து எழுதி வை, ரொம்ப ஏறினால் மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டரிடம் போனில் கேள். ஊசி போட்ட இடம் சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ பஸ்ஸுக்குக் காத்திருக்காதே, வண்டி பிடித்துப் போ. எத்தனை இருக்கிறது என்று எனக்கும் ஒரு வரி அனுப்பு.

அன்புடன்,
மரகதம்