அலங்கார மீன்களின் நோய் நமது குளங்களுக்குச் செல்லும் வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

சில மாதங்களுக்கு முன்னர், எனது பேரனின் பிறந்தநாளுக்காகக் கொழும்பிலுள்ள அலங்கார மீன் கடையொன்றில் ஆறு பொன்மீன்களை வாங்கி வீட்டுத் தொட்டியில் விட்டோம். ஐந்தாம் நாள் காலையில் இரண்டு மீன்கள் இரைக்கு வராமல் அடியில் சாய்ந்து கிடந்தன. மறுநாள் மாலைக்குள் நான்கு இறந்துவிட்டன. உடலில் காயமோ புண்ணோ இல்லை. சந்தையில் மீன் நல்லதா என்று அறியப் பூமூடியை, அதாவது செவுள் மூடியை, தூக்கிப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தபோது இரத்தச் சிவப்பாக இருக்கவேண்டிய பூக்கள் ஊறிய பஞ்சைப்போல் வெளிறியிருந்தன. கடைக்குச் சென்று சொன்னேன். அங்கு நின்ற தம்பி நீல மருந்துப் போத்தல் ஒன்றையும் அன்டிபயோட்டிக் தூள் பொட்டலம் ஒன்றையும் தந்து, “மிச்ச ரெண்டும் சரிவராட்டி வாய்க்கால்ல விட்டிருங்க மிஸ், அங்க பிழைச்சிடும்” என்றார். இரக்கப்பட்டுத்தான் சொன்னார். ஆனாலும் அந்த வார்த்தை என்னை இன்றுவரை உறுத்துவதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனது மீன்கள் எந்த நோயால் இறந்தன என்று எவரும் பரிசோதிக்கவில்லை. ஆகையால் அது வைரஸ்தான் என்று நான் சொல்ல வரவில்லை. வைரஸாக இருந்திருந்தால் அந்தத் தூளால் எந்தப் பயனும் இருந்திருக்காது. அன்டிபயோட்டிக் பக்ரீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. அதைவிட முக்கியமானது, தப்பிப் பிழைத்த மீனை நோய் தீர்ந்த மீன் என்று கொள்ள முடியாது. கொய் எனப்படும் அலங்காரக் கெண்டைகளைத் தாக்கும் ஹேர்ப்பிஸ் வைரஸ், பிழைத்த மீனின் உடலில் அடங்கிக் கிடந்து, நீரின் வெப்பநிலை வாய்க்கும்போது மீண்டும் வெளிப்படக்கூடியது. அத்தகைய மீனை வெள்ளவத்தைக் கால்வாயில் விட்டால், கிருலப்பனைக் கால்வாய், தியவன்னா என்று ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட நீர்ப்பரப்பு முழுவதற்கும் அதனை அனுப்பிவைத்தவர்களாகிறோம். ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் 2018 இல் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற நகரத்தில் வாழ்கிறோம் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

வீட்டுத் தொட்டி மீனால் குளத்து மீனுக்கு என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் அவுஸ்திரேலியாவைப் பார்க்கலாம். 2003 இல் விக்டோரியா மாநிலத்தில் மறே கொட் என்னும் அந்நாட்டு நன்னீர் மீனின் குஞ்சுகள் ஒரு பண்ணையில் பெருமளவில் இறந்தன. அவற்றில் காணப்பட்ட வைரஸ், தொட்டிகளுக்காக இறக்குமதியாகும் சிறு கௌராமி மீன்களில் உள்ளதுடன் ஏறத்தாழ முற்றாகப் பொருந்தியது. அதே இனத்தைச் சேர்ந்த வைரஸ்தான் 2018 இன் பிற்பகுதியில் கானா நாட்டின் வோல்டா ஏரியில் கூடுகளில் வளர்க்கப்பட்ட திலாப்பியாக்களை அழித்தது. கொய் வைரஸும் இப்படியே பரவியது. 1998 இல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் கண்டறியப்பட்ட அந்நோய், 2003 இல் யப்பானின் கசுமிகாவுரா ஏரியில் வளர்ப்புக் கெண்டைகளைக் கொன்று, அடுத்த ஆண்டு பிவா ஏரியில் 100,000 க்கும் மேற்பட்ட காட்டுக் கெண்டைகளைப் பலிகொண்டது. அது ஏறக்குறைய 18 முதல் 28 பாகை செல்சியஸ் வரையான நீரில்தான் நோயாக வெடிக்கும். கொழும்பின் சூட்டில் அடங்கிக் கிடக்கக்கூடிய ஒன்று, நுவரெலியா, அட்டன் பக்கத்துக் குளிர்ந்த நீர்த்தேக்கங்களில் அப்படிக் கிடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

எனக்கு மிகுந்த கவலை தருவது திலாப்பியாதான். 1952 இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அம்மீன் இன்று நமது நன்னீர் மீன்பிடியின் பெரும்பகுதியாக இருக்கிறது. இரணைமடுவிலும் உன்னிச்சையிலும் வலை வீசும் குடும்பங்களின் உலை அதனாலேயே கொதிக்கிறது. விவிலியம் வாசித்தோர் அறிந்த கலிலேயா ஏரியிலும் இஸ்ரேலின் வளர்ப்புக் குளங்களிலும் 2009 முதல் திலாப்பியா இன மீன்கள் குறைந்தும் இறந்தும் வந்தன. அதுவரை எவரும் அறிந்திராத ஒரு வைரஸ் அங்கிருப்பது 2014 இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. 2017 மே மாதம் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு உலக நாடுகளை எச்சரித்தது. அதன் பின்னர் நமக்கு மிக அண்மையிலுள்ள இந்தியாவிலும் அந்த வைரஸ் உறுதிசெய்யப்பட்டுள்ளது. இந்த மீன் வைரஸ்கள் மனிதரைத் தொற்றுவதில்லை. ஆகவே இதைப் படித்துவிட்டுத் திலாப்பியா வாங்குவதை எவரும் நிறுத்த வேண்டியதில்லை. நோயால் கெடப்போவது மீனவரின் வருமானமும் மலிவு விலையில் மீன் உண்ணும் குடும்பங்களின் சாப்பாடுமே.

பேரை வாவியில் மீன் செத்து மிதக்கும்போதெல்லாம் ஒட்சிசன் குறைவு, பாசி என்று காரணம் சொல்லப்படுகிறது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கலாம். ஒட்சிசன் குறைந்தால் விடியற்காலையில் பல இன மீன்களும் ஒருசேர இறக்கும். ஓர் இனம் மட்டும், மற்றவை நலமாயிருக்க, நாள் கணக்கில் தொடர்ந்து இறக்குமானால் தொற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். அதை உறுதிசெய்வது கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் பழகிய அதே பீ.சி.ஆர். முறைதான். ஆனால் அழுகி நாறிய மீனால் பயனில்லை. உயிர் ஊசலாடும் மீனோ, அப்போதுதான் இறந்த மீனோ பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும். அப்படி எடுத்துச் செல்வோருக்கு, எங்கே கொடுப்பது, யாரை அழைப்பது என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்திருக்க வேண்டும்.

எனது வீட்டில் எஞ்சிய இரண்டு மீன்களும் இன்னும் அதே தொட்டியில்தான் இருக்கின்றன. இறந்தவற்றைச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தேன். தொட்டியிலிருந்து அகற்றும் பழைய தண்ணீரை வாளியில் குளோரின் கலந்து ஒரு நாள் வைத்துவிட்டே வெளியே ஊற்றுகிறேன். எந்த வீட்டிலும் செய்யக்கூடிய வேலை இது. கடைக்காரர்கள் செய்யவேண்டியது இதைவிடக் கூடுதலானது: புதிதாக வந்த மீன்களைச் சில வாரங்களாவது தனித் தொட்டியில், தனி வலையுடன் வைத்துப் பார்த்த பின்னரே விற்கவேண்டும்.

மட்டக்குளி காக்கைதீவில், நீர்வாழ் வளங்களை ஆராயும் அரச நிறுவனமான நாரா இருக்கிறது. குளங்களுக்கு மீன்குஞ்சு விடும் அரச நிறுவனமான நெக்டாவும் இருக்கிறது. குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன்னர் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்துப் பரிசோதித்து முடிவை வெளியிடுமாறும், மீன் இறப்பை அறிவிப்பதற்கென ஒரு தொலைபேசி இலக்கத்தை ஏற்படுத்தி, இரணைமடு மீனவர் அழைத்தாலும் தமிழிலேயே பதில் சொல்ல ஒருவரை அங்கே இருத்துமாறும் அவ்விரு நிறுவனங்களையும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.