நான்காவது தங்கமும் ஒரு பயிற்சியாளரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் நீச்சல் வீரர் லென்னி கிரேசல்பர்க் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கிரிக்கெட்டுக்கே பக்கங்கள் போதாத காலத்தில், அன்றைய சோவியத் நாட்டின் ஒடெசாவில் (இன்று உக்ரைன்) பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஒரு நீச்சல்காரருக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். நன்றி. ஆனாலும் கட்டுரையில் ஒரு பிழை உண்டு. எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு.

முதலில் பிழை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நான்கு பேர் ஆளுக்கொரு பாணியில் நீந்தும் 4×100 மீட்டர் மெட்லி தொடர் நீச்சலின் இறுதிப் போட்டியில் அவர் தங்கம் வென்றதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் நீந்தியது தகுதிச் சுற்றில். இறுதிப் போட்டியில் பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்தும் பாணி) நீந்தியவர் அதே அமெரிக்க அணியின் ஆரன் பியர்சால். தகுதிச் சுற்றில் நீந்தியவர்களுக்கும் பதக்கம் தருவது விதி என்பதால், அது கிரேசல்பர்க்கின் நான்காவது தங்கம் என்பதில் மாற்றமில்லை. அதே தகுதிச் சுற்றில் அவரோடு நீந்தியவர்களில் ஒருவர் மைக்கேல் பெல்ப்ஸ். இறுதிப் போட்டியில் தன் இடத்தைச் சக வீரர் இயான் குரோக்கருக்கு விட்டுக்கொடுத்தவர் பெல்ப்ஸ். ஆகவே இந்தத் தங்கத்தை யாரும் இளப்பமாக நினைக்க வேண்டியதில்லை. மறைக்கவும் வேண்டியதில்லை.

ஏதென்ஸில் அவர் நீந்திய 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் இறுதிப் போட்டியைக் கட்டுரை தொடவே இல்லை. தோள்பட்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்து, வெண்கலத்தை 0.02 நொடியில் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றார். 1999இல் சிட்னியில் 50, 100, 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் மூன்றிலும் உலக சாதனை படைத்தவர், மறு ஆண்டு ஒலிம்பிக்கில் அதே ஊரில் மூன்று தங்கம் வாங்கியவர், இங்கே கண்ணிமைக்கும் நேரத்தில் வெறுங்கையோடு நின்றார். எனக்கு அந்த நான்காம் இடம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

இனி மனக்குறை. 'தன்னந்தனியாகச் சாதித்தவர்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். யூத வெறுப்புக்கும், மகனைப் பட்டாளத்துக்கு அழைத்துவிடுவார்கள் என்பதற்கும் அஞ்சி, 1989இல் சோவியத் நாட்டை விட்டுக் கிளம்பிய பெற்றோரை எங்கே வைப்பது? லாஸ் ஏஞ்சலீஸில் அவர் படித்த பள்ளியில் நீச்சல் அணியே இல்லை. பிறகு சான்டா மோனிகாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளராக இருந்த ஸ்டூ பிளம்கின், இந்தப் பையன் வேறு ரகம் என்று கண்டுகொண்டு, தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் மார்க் ஷூபர்ட்டிடம் சொன்னார். கட்டுரையில் ஷூபர்ட் வருகிறார், பிளம்கின் இல்லை.

நான் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன். வட்டார அளவில் ஓடிய ஒரு மாணவனை விளையாட்டு விடுதிக்கு அனுப்ப ஒரு முறை கையெழுத்துப் போட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் போய்விட்டால் எங்கள் பள்ளிக்குக் கோப்பை ஏது? பிளம்கினுக்கு அப்படி ஒரு இரவு இருந்ததா, தெரியாது. இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

'பதக்கத்தைக் காசாக்கினார்' என்ற வரியையும் ஏற்க முடியவில்லை. 2005இல் அவர் நீச்சல் பள்ளி தொடங்கியது லாஸ் ஏஞ்சலீஸின் வெஸ்ட்சைடு யூத சமூக மையத்தில். ஊருக்குப் புதிதாக வந்த காலத்தில் அவர் நீந்திய இடம் அதுதான். பிறகு அது பல கிளைகளாக வளர்ந்தது. சம்பாதித்தார், சரி. அதனால் என்ன? கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தர அறக்கட்டளையும் நடத்தினார். அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் இறப்புக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது. தண்ணீரைக் கண்டு அலறும் மூன்று வயதுக் குழந்தையை மல்லாந்து மிதக்க வைப்பவருக்குக் கூலி கொடுப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. எங்கள் காலத்தில் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். இலவசம்தான். குடிக்கும் தண்ணீர் தனிக் கணக்கு.

எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் இதழிலிருந்து குறிப்பெடுப்பதைப் பார்க்கிறேன். ஏதென்ஸ் பற்றிய திருத்தத்தை அடுத்த இதழிலேயே வெளியிடுங்கள். இடமிருந்தால் பிளம்கின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.