பிரேக் ஒயரில் மட்டும் கணக்குப் பார்க்காதே பாப்பா

பென்னாகரம்,
ஞாயிறு இரவு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. காலையில் போனில் நீ சொன்னதுதான் நாள் முழுக்க மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது செயின் டக் டக்கென்று வழுக்குகிறது, கடைக்காரர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார், பேசாமல் புது சைக்கிளே வாங்கிவிடட்டுமா என்று கேட்டாய். வேண்டாம் கண்ணு. நீ அனுப்பிய படத்தில் தெரிந்தவரை ஃப்ரேமில் பற்றவைத்த இடம் ஒன்றிலும் விரிசல் இல்லை. ஃப்ரேம் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் மாற்றிக்கொள்கிற சாமான்தான்.

முதலில் செயின். கடைக்காரர் சொல்வது சரியா என்று நீயே அளந்து பார்த்துவிடலாம். சைக்கிள் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை ஒரு கண்ணி, அது அரை அங்குலம். அப்படியென்றால் 24 கண்ணிக்கு 12 அங்குலம். இரும்பு ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்து, செயினை விறைப்பாகப் பிடித்து, 24 கண்ணி எண்ணிக்கொள். அந்தப் பின்னின் நடு 12-இல் நின்றால் செயினில் குறையில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டி நின்றால் செயினை மட்டும் மாற்று. மூன்று மில்லிமீட்டர் தாண்டிவிட்டால் பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரக் கொத்தை, அதாவது ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும். பழைய செயினோடு ஓடி ஓடிப் பல்லும் அதன் போக்கில் தேய்ந்திருக்கும். அதில் புதுச் செயின் உட்காராது, இப்போதைவிட மோசமாக வழுக்கும்.

செயின் இழுத்துப்போச்சு என்று கடையில் நாங்கள் சொல்வோமே, உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. பின்னும் அது உட்காரும் துளையும் தேய்ந்து கண்ணிக்குக் கண்ணி மயிரிழை இடம் விடும். அத்தனையும் சேர்ந்துதான் அந்த மூன்று மில்லிமீட்டர்.

உன் சைக்கிளில் பின்னால் ஏழு பல்சக்கரம். ஆறு, ஏழு, எட்டுக்கு ஒரே அகலச் செயின்தான், அதைக் கேட்டு வாங்கு. ஒன்பது பல்சக்கரத்துச் செயின் ஒல்லி. தாத்தாவின் கறுப்பு சைக்கிளில் இருந்தது தடிமன். இரண்டும் உனக்கு ஆகாது.

டயரும் வழவழவென்று ஆகிவிட்டது என்றாய். 26 இஞ்ச் டயர் என்று மட்டும் கேட்டு வாங்கி வந்துவிடாதே. 26 என்ற பேரில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவு உண்டு. 26 x 1.95 டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 x 1 3/8 என்றால் 590. இதில் அது ஏறவே ஏறாது. பழைய டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்தால் இரண்டு எண் நடுவில் ஒரு கோடு போட்டு அச்சாகியிருக்கும். அதில் மூன்று இலக்க எண்தான் முக்கியம். எதை மாற்றினாலும் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போ. வாயால் சொல்லி வாங்கிய சாமான் திரும்பி வந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இனி பிரேக். உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. விடியற்காலையில் மீன் வாங்க ஒகேனக்கல்லுக்கு இறங்கும் ஒருவர் நம் கடைக்கு வாடிக்கை. பின் கேரியரில் பெரிய பெட்டி கட்டியிருப்பார். முன் பிரேக் ஒயர் மாற்றச் சொன்னார். பாக்கெட் இல்லாமல் கட்டாக வந்த ஒயர் விலை குறைவாகக் கிடைத்ததென்று நான் வாங்கி வைத்திருந்தேன். அதில் ஒன்றைப் போட்டுவிட்டேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மலை இறக்கத்து வளைவில் லீவரைப் பிடித்தவருக்கு முன் பிரேக் கையோடு வந்துவிட்டது. பின் பிரேக் மட்டும் அந்த வேகத்துக்குத் தாங்கவில்லை. பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கம் ஒடித்து விழுந்தார். காறை எலும்பு முறிந்தது.

சாயங்காலம் அந்த ஒயரைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. லீவருக்குள் மாட்டுகிற குண்டு மட்டும் தனியாக உருவிக்கொண்டு வந்திருந்தது. வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே பார்த்தால் ஒயர் நெல்மணி அளவுக்குக்கூட இறங்கியிருக்கவில்லை, வெறுமனே ஒட்டவைத்த மாதிரி இருந்தது. பார்க்கப் போனபோது அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சரக்கு அப்படி, நீ என்னப்பா பண்ணுவே" என்றார். அந்தச் சரக்கை வாங்கி வைத்தவன் நான்தானே. மிச்ச ஒயர்களை வேறு யாரும் எடுத்துப் போட்டுவிடக் கூடாதென்று துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்பில் போட்டேன். அதற்குப் பிறகு எந்த ஒயரானாலும் குண்டை மேஜையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் கடிக்கவைத்து, கட்டிங் பிளேயரால் முழு பலத்தோடு இழுத்துப் பார்க்காமல் மாட்டியதில்லை.

உன்னிடம் வைஸ் இல்லை. அதனால் கம்பெனி பேரும் அளவும் அச்சடித்த பாக்கெட்டில் வரும் ஒயராக வாங்கு. மேலே போடும் உறையையும் சேர்த்து மாற்று. மாட்டியதும் ஏறாமல் நின்றபடியே இரண்டு லீவரையும் பத்துப் பன்னிரண்டு தடவை இறுக்கிப் பிடித்துப் பார். பிரேக் கட்டை ரிம்மை மட்டும்தான் கவ்வ வேண்டும். டயரில் பட்டால் கொஞ்ச நாளில் பக்கவாட்டை அறுத்துவிடும். கட்டையில் வெட்டியிருக்கும் கோடு மறைந்துவிட்டால் புதுசு போட்டுவிடு.

சீட், மட்கார்டு, பெல் எல்லாம் எந்த விலையில் வாங்கினாலும் பாதகமில்லை. பெடல் மாற்றினால் ஒன்று கவனி: இடது பெடலுக்குத் திருகு மறை எதிர்ப்பக்கம். தெரியாமல் அழுத்தித் திருப்பினால் பெடல் மாட்டும் கிராங்கின் மறை போய்விடும்.

அம்மா கேழ்வரகு மாவும் புளியும் கட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பார்சலிலேயே என் இரும்பு ஸ்கேலையும் வைக்கிறேன். அளந்துவிட்டு 12-க்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் என்று போன் பண்ணு. அதுவரை மேடு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ சாமி.

அன்புடன்,
அப்பா