கேரவனை எடைக்குப் போடாதே

அன்புள்ள மகளுக்கு,

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டது. அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால்தான் மழைக்குக் கொஞ்சம் முனகுகிறது. நீ போனில், "அந்தக் கேரவனை யாராவது எடைக்குக் கேட்டால் கொடுத்துவிடுங்கப்பா" என்றாயே, கொடுக்கவில்லை. கட்டிலும் அடுப்புமாகப் பல வருஷம் ஷெட்டில் நின்ற அந்த வண்டி இப்போது ஓடுகிறது. என்னென்ன செய்தேன், இன்னும் என்ன பாக்கி என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

நான் கை வைப்பதற்கு முன்னால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஆள் வந்து பார்த்தார். சாவியைத் திருப்பினார், செல்ஃப் முனகியது, உடனே "என்ஜினை இறக்கணும் சார், பம்ப், நாசில் எல்லாம் போயிருக்கும்" என்றார். எனக்கு ஒப்பவில்லை. கொல்லத்தில் இருந்து மலையேறி வந்து நல்ல இழுவையோடு ஷெட்டில் நின்ற வண்டி அது. நின்ற இடத்தில் பிஸ்டன் எப்படித் தேயும்? நிற்கிற வண்டியில் கெடுவது ரப்பர், டீசல், பேட்டரி, வயர் முனைகள். எலியும் குளவியும் செய்கிற வேலை தனி. இவற்றையெல்லாம் பார்த்து முடிக்காமல் ஹெட்டைத் திறக்க யாரையும் விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

முதல் வேலையாகச் சமையல் கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்தேன். இந்த வண்டிக்குள் அடுப்பு இருக்கிறது என்பது சாதாரண வேன் பார்த்துப் பழகிய மெக்கானிக்குகளுக்கு நினைவுக்கே வராது. பேட்டரியில் கம்பி மாட்டும்போது ஒரு பொறி போதும். கேஸ் ஹோஸை மடக்கிப் பார்த்தால் மேல்தோல் முழுக்க வெடிப்பு. அதை வெட்டி எறிந்துவிட்டேன்.

பானெட்டை நன்றாகத் தட்டிவிட்டுத்தான் திறந்தேன், மழைக்காலம் பார். பாம்பு இல்லை. ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது: தேங்காய் நார், உள்ளே நீ தைத்துப் போட்ட ஜன்னல் திரையின் துண்டு, எல்லாம். சைலன்சர் வாயைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. இதைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்திருந்தால் நாரெல்லாம் என்ஜினுக்குள் போயிருக்கும்.

அடுத்தது நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காத வேலை: செல்ஃபைத் தொடாமல் என்ஜினைக் கையால் சுற்றிப் பார்ப்பது. பல வருஷம் நின்ற என்ஜினில் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கலாம். செல்ஃபால் உலுக்கினால் ரிங் உடையும். அப்புறம் நிஜமாகவே என்ஜினை இறக்க வேண்டியதுதான். ஸ்டார்ட் ஆவதற்குச் சிலிண்டரைச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சம் ஆயில் விட்டு இரவு முழுக்க ஊற வைத்தேன். காலையில் கிராங்க் புல்லி போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்தேன். முதலில் இறுகி நின்றது, பிறகு இளகி முழுச் சுற்று வந்தது. பிளக்கைத் திரும்ப மாட்டுவதற்கு முன்பு சிலிண்டரில் நின்ற ஆயிலை வெளியே தள்ளிவிட வேண்டும். ஆயில் அமுங்காது, மூடிவிட்டு செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

டீசலை அளந்து என்ஜினுக்கு அனுப்புகிற பம்பையும் பார்த்துக்கொண்டேன். நம் வண்டி பழைய டெம்போ டிராவலர். பென்ஸ் ஓஎம்616 வழியில் வந்த என்ஜின், மெக்கானிக்கல் பம்ப், கம்ப்யூட்டர் ஒன்றும் கிடையாது. எனக்கு அதுதான் பிடித்த விஷயம். ஆனால் ரொம்ப நாள் நின்ற பம்பில், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ரேக் பிசின் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அது டீசல் அதிகமாகப் போகிற நிலையில் ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் என்ஜின் தன்னால் ரேஸ் ஏறும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அதனால் ஸ்டாப் லீவர் லேசாகப் போய் வருகிறதா என்று பார்த்துவிட்டு, காற்று உறிஞ்சும் வாயை அடைக்க ஒரு பலகைத் துண்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். காற்று இல்லாவிட்டால் எந்த என்ஜினும் நின்றுவிடும். மாப்பிள்ளைக்குச் சொல், ஒருநாளும் கையால் பொத்தக் கூடாது.

பேட்டரி செத்துப்போயிருந்தது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் 12.6 வோல்ட் பக்கமே வரவில்லை. புதிது வாங்கினேன். கட்டிலுக்கு அடியில் விளக்குக்கும் ஃபேனுக்கும் இருக்கிற இரண்டாவது பேட்டரியையும் கழற்றிவிட்டேன், செத்த பேட்டரி புதியதையும் சேர்த்து உறிஞ்சிவிடும். இவ்வளவு செய்தும் செல்ஃப் சோம்பலாகத்தான் சுற்றியது. ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தற்செயலாகத் தொட்டேன், சூடு! காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. என்ஜினையும் சேஸிஸையும் இணைக்கிற எர்த் பட்டை போல்ட்டுக்கு அடியில் துரு ஏறி, கரண்ட் திரும்பிப் போக வழி இல்லாமல் அந்தச் சின்ன கேபிள் வழியாகப் போயிருக்கிறது. பட்டையைக் கழற்றி, உலோகம் பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன். அதன் பிறகு செல்ஃப் பழைய வேகத்தில் சுற்றியது. செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்லி இருந்தார் அந்த ஒர்க்‌ஷாப் ஆள்.

டீசலுக்கு வருகிறேன். பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஆவியாகிப் பசை படிந்திருக்கும். டீசலுக்கு வேறு வியாதி. பாதி நிரம்பிய டேங்க்கில் பகல் சூட்டுக்கும் ராத்திரிக் குளிருக்கும் காற்று உள்ளே போய் வந்துகொண்டிருக்கும். அந்த ஈரம் தண்ணீராகி அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சேர்கிற இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்பாக, கொழகொழவென்று ஒரு சகதி உண்டாகும். அதனால் டேங்க்கை நம்பாமல், சுத்தமான டீசலை ஒரு கேனில் எடுத்து என்ஜினுக்கு மேலே தொங்கவிட்டு, டேங்க்கில் இருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்புக்குப் போகிற பைப்பையும் திரும்பி வருகிற பைப்பையும் அதற்குள் விட்டேன். ஃபில்டர் புதிது. அதன் தலையில் இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அமுக்கி அமுக்கிக் குமிழி நிற்கும்வரை ஏர் எடுத்தேன். அப்புறம் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களின் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் போட்டு, டீசல் கசிந்ததும் இறுக்கினேன். ஆயில் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது.

பக்கத்துத் தோட்டக்காரர் ஈதர் ஸ்பிரே ஒன்றைக் கொண்டுவந்து, "ஒரு அடி அடிச்சா பத்திக்கும் அண்ணாச்சி" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹீட்டர் பிளக் சிவந்து நிற்கிற என்ஜினில் அதை அடித்தால், பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடித்துச் சேதம் ஆகும்.

ஸ்டார்ட் ஆனது! வெள்ளைப் புகை, ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு நாசில் நட்டாகத் தளர்த்திப் பார்த்தேன். நல்ல சிலிண்டர் என்றால் சத்தம் உடனே மாறும். மூன்றாவதைத் தளர்த்தினால் ஒரு மாற்றமும் இல்லை. அதன் ஹீட்டர் பிளக்கில் டெஸ்ட் லாம்ப் எரியவில்லை. புது பிளக் போட்டதும் ஸ்டார்ட் ஆகும்போது வந்த புகை பாதியாகக் குறைந்தது. நாசிலைக் கழற்றித் துடைத்த பிறகு மிஸ்ஸும் நின்றது.

பைப்பை எல்லாம் பழையபடி டேங்க்கில் மாட்டினேன். தென்காசிக்குப் போய் வந்தேன், ஒரு குறையும் இல்லை. சரி, மலையில் பார்த்துவிடுவோம் என்று புளியரைக்கு விட்டேன். எஸ் வளைவில் ஏறும்போது இழுவை குறைந்து, தடுமாறி, நின்றேவிட்டது. பின்னால் கல்லும் எம்-சாண்டும் ஏற்றின லாரிகள் வரிசை. ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, "எந்தா சேட்டா, டீசல் வருன்னில்லே?" என்றார். தள்ளி ஓரம் கட்டுவதற்கும் அவர்தான் உதவினார். (உன் தாத்தா இருந்திருந்தால் அவரிடம் மலையாளத்திலேயே கதை பேசியிருப்பார். 1956 நவம்பர் வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தது.) பத்து நிமிஷம் சும்மா இருந்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் நின்றது.

இந்தப் பத்து நிமிஷம்தான் விஷயமே. பம்ப் கெட்டிருந்தால் ஓய்வு கொடுத்தால் சரியாகாது. தட்டுப்பாதையில் டீசல் கொஞ்சம் போதும்; ஏற்றத்தில் நிறைய வேண்டும், அப்போதுதான் அடைப்பு தெரியும். முதலில் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். உஸ்ஸென்று காற்று இழுத்து, உடனே ஓட ஆரம்பித்தால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. சத்தம் இல்லை, அது இல்லை. அடுத்து ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடி ஹோஸ் போட்டேன். ரப்பர் பைப் வெடித்திருந்தால் டீசல் வெளியே சொட்டாது. ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் இளநீர் குடிக்கிற மாதிரி காற்றுதான் உள்ளே வரும். ஆனால் குமிழியும் வரவில்லை. ஹோஸ் சும்மா காலியாகிக்கொண்டே போனது. ஆக டேங்க்கின் அடியில்தான். உறிஞ்சுகிற குழாயின் முனையில் இருக்கிற சல்லடையைச் சகதி போய் மூடுகிறது. என்ஜின் நின்றதும் இழுப்பு இல்லாமல் உதிர்ந்து விழுகிறது. திரும்ப ஓடினால் திரும்ப மூடுகிறது.

டேங்க்கை இறக்கினோம். உள்ளே இருந்ததை இங்கே எழுதினால் அம்மா சாப்பாட்டு நேரத்தில் படிக்க மாட்டாள். வடித்து, மண்ணெண்ணெய் விட்டு அலசி, வெயிலில் காய வைத்து (சாரலில் வெயில் எங்கே, இரண்டு நாள் காத்திருந்தேன்), ரப்பர் பைப் எல்லாம் புதிதாகப் போட்டு மாட்டினேன். பழைய டீசலைத் திரும்ப ஊற்றவில்லை. அதற்குப் பிறகு ஆரியங்காவு வரை நிற்காமல் ஏறிவிட்டது. ரேடியேட்டர் தண்ணீரும் மாற்றிவிட்டேன், சூடும் ஏறவில்லை.

இவ்வளவுக்கும் என்ஜினை யாரும் திறக்கவில்லை, பார்த்துக்கொள்.

பாக்கி இருப்பது டயரும் பிரேக்கும். டயரில் பூ நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் பக்கச் சுவரில் வெடிப்பு. அங்கே நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும்: முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். நம்முடையது 2314, அதாவது 2014-ல் செய்தது. ஆறும் மாற்றியாக வேண்டும். மாப்பிள்ளை ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டே நிறுத்தியதால் பின் டிரம்மில் லைனிங் ஒட்டியிருந்தது. விடுவித்துவிட்டேன், வீல் சிலிண்டர் கிட் போட வேண்டும். இனி ரொம்ப நாளைக்கு நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும், டேங்க்கும் நிறைய இருக்கட்டும்.

கேரளாவில் 2021-ல் கேரவன் சுற்றுலா என்று ஆரம்பித்த பிறகு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு புரோக்கர் இதற்கு விலை கேட்டு வந்தார். விற்பதும் வைப்பதும் உங்கள் இஷ்டம் தாயி. விற்றால் ஓடுகிற வண்டி விலைக்கு விற்போம்.

எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும், இன்சூரன்சும் போட வேண்டும். ஆர்.சி. புத்தகம் இங்கே அலமாரியில் இல்லை. மாப்பிள்ளை துபாய்க்கு எடுத்துக்கொண்டு போனாரா என்று கேட்டு இந்த வாரத்துக்குள் சொல்.

அன்புடன்,
அப்பா