யோசவ்வாஸ் அடிகளாரை வாசித்த ஆண்டு: பங்குச் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, சங்க அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையை இப்பொதுச்சபை முன் சமர்ப்பிக்கிறேன்.

மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மண்டபக் கூரைத் திருத்தம், கதிரைகள் வாங்கியது, சந்தா நிலுவை ஆகியவற்றைப் பொருளாளர் சொல்வார். அதில் நான் கைவைக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையில் மறைப்பணி செய்த புனித யோசவ்வாஸ் (ஜோசப் வாஸ்) அடிகளாரின் வாழ்க்கையைச் சிறிது சிறிதாக வாசிப்பதென்று சென்ற பொதுச்சபையில் தீர்மானித்தோம். ஆண்டின் மற்ற வேலைகள் எல்லாவற்றையும் அந்த வாசிப்புத்தான் இழுத்துக்கொண்டு போனது.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். குருவானவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரணதண்டனை என்றும் கட்டளையிட்டார்கள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை; ஒரு தலைமுறை இப்படியே போயிற்று. கோவாவின் பெனவுலிமில் 1651இல் பிராமண குடும்பத்தில் பிறந்த யோசவ்வாஸ் அடிகளார், 1687இல் கூலிக்காரனின் உடையில், யோவான் என்ற துணையாளோடு தூத்துக்குடியில் தோணி ஏறினார். கரை சேர்ந்தபோது வயிற்றுளைவு. தொற்றிவிடும் என்று சனம் கிட்டப் போகவில்லை. ஒரு பெண் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள் என்று வரலாறு சொல்கிறது. அவள் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. எழுந்து நடக்க முடிந்ததும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று பார்த்தே கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். பிறகு யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராமம் அவருக்கு ஒளிவிடமாயிற்று.

இந்தப் பகுதியை வாசித்த அன்று கூட்டம் நேரத்துக்கு முடியவில்லை. மூத்த அங்கத்தவர் ஒருவர், “சாமியார் பிச்சை எடுத்தது பெரிசுதான். ஆனா பிள்ளைகுட்டியோட இருந்த சில்லாலைச் சனம் அவரை ஒளிச்சு வச்சதைப் பற்றி ஏன் ஒருத்தரும் பிரசங்கத்திலை சொல்லுறேல்லை?” என்று கேட்டார். பங்குத்தந்தை சிரித்தார், மறுக்கவில்லை. 1689 நத்தார் இரவில் செபிக்கக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்து வதைத்த சம்பவத்தை அடுத்த கூட்டத்தில் வாசித்தபோது அந்தக் கேள்விக்கு இன்னும் கனம் கூடிற்று.

அடிகளார் 1690இல் புத்தளம் போனதும், 1692இல் கண்டியில் போர்த்துக்கீச உளவாளி என்று சிறைப்பட்டதும் நம்மில் பலருக்கு மறைக்கல்வி வகுப்பிலிருந்தே தெரியும். 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிப்போய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்; புண்ணைக் கழுவினார்; செத்தவர்களை அடக்கினார். ஆயர் பதவி தேடி வந்தபோதும் வேண்டாமென்றார். 1705இல் இலங்கை வந்து அவரோடு சேர்ந்தவர்தான் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். தபசு காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லி நாம் ராகம் இழுத்து வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் இவருடையது. 1711 சனவரி 16இல் யோசவ்வாஸ் அடிகளார் கண்டியில் மரித்தார். அவருடைய கல்லறை இருந்த இடம் இன்று தெரியாது.

குருவானவர் திரும்பி வர எத்தனை மாதமாகும் என்று சொல்ல முடியாத காலம் என்பதால், போன ஊர்களில் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்து, செபம் சொல்லவும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்கவும் பழக்கினார். செயலாளர், பொருளாளர் என்று நாம் இன்று வைத்திருக்கும் பதவிகளுக்கு அந்த அண்ணாவிமார்தான் மூதாதையர் என்பது என் எண்ணம். அவர்களுக்குக் கூட்டறிக்கைப் புத்தகம் எழுதும் தொல்லை இருக்கவில்லை.

இந்த வாசிப்பின் பயனாகத் திருநாள் செலவைப் பற்றிய பேச்சு எழுந்தது. மின் அலங்காரத்தைக் குறைத்து, படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்குப் போவதற்கு அந்தப் பணத்தை ஒதுக்கலாம் என்று பிரேரிக்கப்பட்டது. எல்லோரும் ஒரே மனதாக ஏற்றார்கள் என்று நான் எழுதமாட்டேன். 2015 சனவரி 14இல் காலிமுகத்திடலில் பரிசுத்த பாப்பரசர் பிரான்சிஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்து, அன்று பிற்பகலே மடு மாதா திருத்தலத்துக்கும் வந்த நாளை நினைவூட்டி, “நாட்டின் முதல் புனிதருக்கு வெளிச்சம் குறையலாமா?” என்று இளையோர் கேட்டார்கள். அது நியாயமில்லாத கேள்வி அல்ல. கோயில் முகப்புக்கு மட்டும் விளக்கு என்று முடிவாயிற்று.

வீடுகளுக்குப் போனபோது நாம் கொண்டுபோன பால்மாவையும் பிஸ்கட்டையும் விட, கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை என்பதே பெரிய குறையாகத் தெரிந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில், காசு வருகிறது, ஓட்டோவில் பக்கத்தில் இருந்து போக ஒருவர் இல்லை. சிலருக்கு மருந்துத் துண்டை வாசித்துச் சொல்லவும் ஆள் தேவை. பொதி கொடுத்துப் படம் எடுப்பதை இத்துடன் நிறுத்தலாம் என்பது செயற்குழுவின் கருத்து. என் கருத்தும் அதுவே.

ஆகவே, கிளினிக் நாட்களில் முறைவைத்துத் துணைபோக முன்வருவோரின் பெயர்ப்பட்டியல் ஒன்றை இன்றே தொடங்கவேண்டும் என்று செயற்குழு பிரேரிக்கிறது. கொப்பி வாசல் மேசையில் இருக்கிறது. ஓட்டோ வைத்திருப்பவர்கள் தங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதவும். புதிய நிர்வாகத் தெரிவுக்கு முன்னர் இப்பிரேரணையை வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்து, பொருளாளர் கணக்கறிக்கையைச் சமர்ப்பிப்பார்.

செயலாளர்