முதலில் கதவு, பிறகு விருந்து

பாடசாலை இராப்போசன விருந்து ஏற்பாட்டுக் குழுவினருக்கும் பழைய மாணவர் சங்கத்தினருக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப்பேருக்கு என்னைத் தெரியும். எனக்கு மேல்வகுப்பில் படித்த அண்ணாமார் இருக்கிறீர்கள், என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களும் இருக்கிறீர்கள். பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கதவு போடுங்கள் என்று நேரில் சொன்னேன், தொலைபேசியில் சொன்னேன், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்றும் சொன்னேன். போன வெள்ளிக்கிழமை, பாடசாலைக்குக் காசு சேர்க்க நீங்கள் வைக்கும் இரண்டாவது விருந்துக்கான ரிக்கெற்றை என் மகளின் கையிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள். அவள் கொப்பிக்குள் வைத்துக் கசங்காமல் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் மலசலகூடத்துக்கு ஓடினாள். தினமும் அப்படித்தான் ஓடுகிறாள். அந்த ரிக்கெற்றில் ‘பாதுகாப்பான, அன்பான பாடசாலைக்காக’ என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முதல் விருந்துக்கு நானும் வந்தேன். உப்புவெளிப் பக்கம் கடலைப் பார்த்த மண்டபம், நல்ல சாப்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ரிக்கெற் 5000 ரூபா என்றபோது யோசித்தேன்தான், ஆனாலும் பிள்ளைகளுக்கு என்று சொன்னதால் சீட்டுக்காசில் எடுத்து வாங்கினேன். எங்கள் பிள்ளைகள் வரைந்த, கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலைப் படத்தை ஏலம் விட்டீர்கள், கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வந்திருந்த பழைய மாணவர்கள் போட்டிபோட்டு ஏற்றிக் கேட்டார்கள். அன்றைக்கு மேடையில் பேசியவர், இனி எங்கள் பாடசாலையில் எந்தப் பிள்ளையும் பயந்துகொண்டு இருக்கக் கூடாது என்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. மனதாரக் கை தட்டினேன்.

அந்தக் காசில் என்ன நடந்தது என்று எங்களுக்குக் கண்ணால் தெரிந்தது இரண்டுதான். வாசல் மதிலுக்குப் புதுப் பெயின்ற் அடித்தீர்கள். கண்காணிப்புக் கமெரா பூட்டினீர்கள். மிச்சம் என்ன ஆனது என்று கணக்கு எதுவும் அறிவித்தல் பலகையில் போடவில்லை. நீங்கள் யாரும் அந்தக் காசைத் தொட்டிருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். என் கேள்வி அதுவல்ல. பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்கு ஏன் இன்னும் கதவு இல்லை?

உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை, ஆனாலும் ஒருமுறை முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் அதிகம் பேர் ஆண்கள், பத்து மணி இடைவேளையில் அந்தப் பக்கம் நீங்கள் வந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான்கு அறைகள். ஒன்றை உடைந்த தளபாடம் அடைத்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்குக் கதவே இல்லை. மற்ற இரண்டுக்கும் கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை, கீழ்ப்பலகை உக்கி உதிர்ந்து ஒரு முழம் அளவுக்குத் திறந்து கிடக்கிறது. பிள்ளைகள் தனியாகப் போவதில்லை. மூன்று பேராகப் போக வேண்டும்: ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியில் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மற்றவள் கிணற்றடியில் இருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவர. முறை வைத்து மாறி மாறிப் போய்வர இடைவேளை முடிந்துவிடும். மணி அடித்தபிறகு வகுப்புக்குள் வந்தால் வாசலில் நிற்க வேண்டும். என் மகள் இரண்டு முறை நின்றிருக்கிறாள், ஒருமுறை முழங்காலில். ஏன் பிந்தியது என்று ஆண்பிள்ளைகள் முன்னால் கேட்டால் அந்த வயதுப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

அதனால் அவர்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிப்பதில்லை. காலை ஆறரைக்கு வீட்டை விட்டு இறங்கும்போது தேநீர்கூட வேண்டாம் என்பாள், நான் நிரப்பிக் கொடுக்கும் போத்தல் பின்னேரம் அப்படியே திரும்பி வரும். திருகோணமலையில் சூடான, வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வெயிலில் ஏழு மணித்தியாலம் ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் பிள்ளை இருக்கிறாள். போன தவணையில் காய்ச்சலும் அடிவயிற்று நோவும் என்று கொண்டுபோனேன், சலத்தில் கிருமி என்றார்கள். பிள்ளை தண்ணீர் குடிக்கிறாளா என்று வைத்தியர் கேட்டார். நான் பதில் சொல்ல முதல் அவளே சொன்னாள்: “பள்ளிக்கூடத்தில் குடிக்க ஏலாது டொக்டர்.” அவர் கொஞ்ச நேரம் எழுதாமல் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

மாதவிடாய் நாட்களில் அவள் பாடசாலைக்குப் போவதே இல்லை. அவள் மட்டுமல்ல. அந்த நாட்களில் வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்று வகுப்பாசிரியைகளைக் கேளுங்கள், வரவுப் பதிவேடு அவர்கள் கையில்தான் இருக்கிறது. 2024இல் அரசாங்கம் வசதி குறைந்த பாடசாலைப் பெண்பிள்ளைகளுக்கு அணையாடை வாங்க 1200 ரூபா வவுச்சர் கொடுத்தது. நல்ல காரியம், நன்றியோடு வாங்கினோம். ஆனால் அதை மாற்றுவதற்கு மூடிய ஒரு அறை வேண்டாமா? மாற்றியதைப் போட ஒரு மூடியுள்ள வாளி வேண்டாமா?

கமெராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றை அந்த மலசலகூடத்துக்குப் போகும் நடைபாதை தெரிகிற மாதிரிப் பூட்டியிருக்கிறீர்கள். வெளி ஆட்கள் வந்தால் தெரியட்டும் என்று நல்ல எண்ணத்தில் செய்திருப்பீர்கள். ஆனால் வாளியோடு போவதும், ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் காரியாலயத்தில் இருக்கும் திரையில் தெரிகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். முன்பு இடைவேளையில் ஒருமுறையாவது போன பிள்ளைகள் இப்போது அதுவும் போவதில்லை. பாதுகாப்புக்கு என்று செலவழித்த காசு அவர்களை இன்னும் ஒடுக்கியிருக்கிறது. வாங்குவதற்கு முன் ஒரு ஆசிரியையிடமாவது, ஒரு பிள்ளையிடமாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் போடுவதற்கு இவ்வளவு பேச்சா என்று ஒரு அண்ணா என்னிடம் கேட்டார். வாங்கினேன் அண்ணா. ஹாட்வெயார் கடையில் சில நூறு ரூபாவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் ஆணியும் வாங்கிக்கொண்டு போனேன். பாடசாலைச் சொத்தில் அனுமதி இல்லாமல் கைவைக்க முடியாது, கடிதம் தாருங்கள் என்றார்கள். கடிதம் கொடுத்தேன். பதில் இல்லை. பிறகு தச்சுவேலை செய்யும் என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், அந்தப் பலகையில் ஆணி நிற்காது அக்கா, கதவையே மாற்ற வேண்டும் என்றான். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு இரும்புப் பிணைச்சல் ஒரு மாரி தாங்காது, பிவிசி கதவும் துருப்பிடிக்காத பிணைச்சலும் போட்டால் பல வருடம் நிற்கும் என்றும் சொன்னான். நான்கு கதவு, நான்கு தாழ்ப்பாள், உள்ளுக்கு ஒரு தண்ணீர்க் குழாய், நான்கு வாளி. முதல் விருந்தில் சேர்ந்த காசில் இது எந்த மூலைக்கு?

அன்பான பாடசாலை என்கிறீர்களே, அதையும் கேட்கிறேன். பிள்ளைகளை அடிக்கக் கூடாது, உடலை வருத்தும் தண்டனை கொடுக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. ஆசிரியர் அறைந்து காது பாதிக்கப்பட்ட ஒரு மாணவனுக்கு இழப்பீடு கொடுக்கும்படி 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் மலசலகூடம் போய்ப் பிந்தி வந்த பிள்ளை முழங்காலில் நிற்கிறாள். 1929க்கு அழையுங்கள் என்ற சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் சுவரொட்டி காரியாலயச் சுவரில் ஒட்டியிருக்கிறது, கைத்தொலைபேசி கொண்டுவரக் கூடாத பிள்ளை காரியாலயத் தொலைபேசியில் இருந்தா அழைப்பாள்? மனம்விட்டுப் பேச ஆலோசனை அறை என்று ஒன்று இருந்தது, அதற்குள்ளும் இப்போது உடைந்த மேசை கதிரைதான். வழிகாட்டல் ஆசிரியை பாவம், அவருக்கு வாரம் முழுதும் பாடவேளை, எந்த நேரத்தில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு இருத்திக் கேட்பார்?

சில நேரம் எனக்குக் கோபம் உங்கள்மேல் மட்டும் இல்லை. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகு கவிழ்ந்து, பாடசாலைக்கு என்று வீட்டில் இருந்து போன பிள்ளைகள் தண்ணீருக்குள் போனார்கள். அங்கே கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் வேலை முடியும்வரை ஒழுங்கான பாதை கேட்டு எத்தனை தாய்மார் கத்தியிருப்பார்கள்? இந்த மாவட்டத்தில் பிள்ளைக்கு ஏதாவது நடந்த பிறகுதான் எல்லோரும் ஓடி வருகிறார்கள், அறிக்கை விடுகிறார்கள், மலர்வளையம் வைக்கிறார்கள். 1945இல் இருந்து இந்த நாட்டில் கல்வி இலவசம் என்று படித்தோம், ஆனால் போட்டோக்கொப்பிக் கடதாசிக்கும் திரைச்சீலைக்கும் துப்புரவு செய்யும் அம்மாவின் சம்பளத்துக்கும் பெற்றோர்தான் காசு கொடுக்கிறோம். கொடுக்கிறோம், சரி. கொடுத்தும் கதவு வரவில்லை என்பதுதான் தாங்கமுடியவில்லை.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எவ்வளவு ஓடித் திரிந்து அந்த விருந்தை வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும், வேலைக்கு லீவு போட்டுவிட்டு மண்டபத்தில் கதிரை அடுக்கியவர்களையும் பார்த்தேன். இரண்டாவது விருந்தை வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆலோசனை அறையைத் திருத்தவும், கிணற்று மூடிக்கும், இன்னும் எத்தனையோ வேலைக்கும் காசு வேண்டும், எனக்கும் தெரியும். நான் தாழ்மையாகக் கேட்பது இவ்வளவுதான்: முதல் விருந்தின் வரவு செலவை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். அந்தக் கமெராவை வேறு பக்கம் திருப்புங்கள். இரண்டாவது விருந்தின் ரிக்கெற்றை விற்பதற்கு முன் பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கதவும் தாழ்ப்பாளும் போடுங்கள். கதவு முதலில். தயவுசெய்து கதவு முதலில்.

வருகிற புதன்கிழமை இடைவேளை நேரத்தில் நான் பாடசாலைக்கு வருவேன், அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். குழுவில் இருக்கும் அக்காமாரில் இரண்டு பேராவது என்னோடு வந்து பாருங்கள். அளவு எடுக்கத் தம்பியும் வருவான், கூலி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். பொருள் வாங்க மட்டும் நீங்கள் அந்தக் காசில் இருந்து தந்தால் போதும், ஒரு சனி ஞாயிறில் வேலை முடிந்துவிடும். நீங்கள் அனுப்பிய ரிக்கெற்றைத் திருப்பி அனுப்பவில்லை. மகளின் மேசையில்தான் இருக்கிறது. கதவு போட்ட அன்றைக்கு 5000 ரூபாவோடு நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா, உங்கள் பழைய மாணவி
திருகோணமலை